பத்தாயத்து வீட்டுப் பிள்ளை

நான் தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவதுதான் இருபத்தாறு வருஷமாக என் பிழைப்பு. ஒரு நிமிஷம் மாற்றி எழுதினால் டிரைவர் சண்டைக்கு வந்துவிடுவான். அதனால் இதில் வருகிற நேரங்களை நீங்கள் அப்படியே நம்பலாம். மற்றதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்தது இதுதான். யாரோடும் வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

என் பெயர் சுடலைராஜ். எங்கள் குடும்பத்துக்கு 'பத்தாயத்து வீடு' என்று பெயர். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் அடிப்போம். பத்தாயம் என்றால் நெல் கொட்டி வைக்கிற பெரிய மரப்பெட்டி. மேலே மூடி இருக்கும். ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம். என் பூட்டன் காலத்தில் சுற்றுவட்டாரத்திலேயே பெரிய பத்தாயம் எங்களுடையதாம், அதனால் வந்த பெயராம். அப்பா மீசையைத் தடவிக்கொண்டே சொல்வார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்டதில்லை. பழைய பெருமையை உலையில் போட்டால் சோறா ஆகும்?

கேட்க வேண்டிய நிலைமை இந்த வருஷம், 2023 சித்திரையில் வந்தது.

எனக்கு ஒரே மகள், மஞ்சு. இருபத்துநான்கு வயது. பள்ளிக்கூடத்தில் டீச்சர். திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினாள். "மூச்சு முட்டுதுப்பா. காத்தே வரமாட்டேங்கு" என்பாள். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும், மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். ஐம்பத்துநான்கு கிலோ இருந்தவள் ஆனி மாதம் நாற்பத்தொரு கிலோவுக்கு வந்துவிட்டாள். வேலையையும் விட்டாள். தென்காசி, திருநெல்வேலி, மதுரை என்று அலைந்தோம். ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்தது. என் பிள்ளை என் கண்முன்னால் கரைந்துகொண்டிருந்தாள்.

கடைசியில் மனைவி நிர்மலாதேவி, செங்கோட்டைப் பக்கம் குறி சொல்கிற சுடலைக்கண்ணுவிடம் என்னை இழுத்துப்போனாள். அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"உங்க வம்சத்துல ஒரு பிள்ளை கல்யாணம் ஆகாம செத்திருக்கா. அவள மறந்துட்டீரு. பேரு சொல்லிப் பெட்டி வையும்."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. கன்னியாகச் செத்த பெண்ணுக்கு ஓலைப்பெட்டியில் புதுச் சிற்றாடை, வளையல், சீப்பு, கண்ணாடி வைத்து, பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டு, வீட்டுத் தெய்வமாக வைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டியை நான் பார்த்ததே இல்லை.

கிளம்பும்போது சுடலைக்கண்ணு சொன்னார்: "பேர நல்லா விசாரிச்சுட்டு வையும். வீட்டுப் பிள்ளைன்னு கூப்பிட்டுட்டா, அப்புறம் போன்னு சொல்ல முடியாது."

அப்பா செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. தாத்தாவுக்கு அப்பா, அதாவது பூட்டன் பெயரே எனக்கு அரைகுறை. அவர் காலத்துப் பெண்பிள்ளை பெயருக்கு நான் எங்கே போவேன்?

ஜூலை 12, புதன்கிழமை. எனக்கு வார லீவு. முந்தின நாள் டியூட்டி பார்த்த அலுப்போடு காலை 7.50 பஸ்ஸில் ஆலங்குளம் கிளம்பினேன். அங்கே என் பெரியப்பா மகன் சொரிமுத்து இருக்கிறார். போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். 8.55-க்கு அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

"வாலே ராஜு. பிள்ளைய முன்னால அனுப்பிட்டு நீ பின்னால வாரியா?"

"எந்தப் பிள்ளை அண்ணாச்சி?"

"பன்னண்டு, பதிமூணு வயசிருக்கும். எட்டரைக்கு வந்துச்சு. பத்தாயத்து வீட்டுப் பிள்ளைன்னுச்சு. உள்ள வான்னா வரல. 'செத்த பிள்ளை பேரு தெரியுமா'ன்னு கேட்டுச்சு. தெரியாதுன்னேன். போயிட்டு."

எங்கள் வீட்டில் அந்த வயதில் பெண்பிள்ளை கிடையாது. நிர்மலா வழியிலும் கிடையாது. சொன்னேன். அவர் சிரித்தார். "உன் வயசுக்கே ஞாபகம் போச்சாலே?"

வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி, என் மதினி, நிமிர்ந்து பார்த்தாள். "இதென்ன, இங்கன இம்புட்டு உமி கெடக்கு? நாங்க கடை அரிசில்லா வாங்குதோம்."

கன்னி ஒருத்தி இருந்தது உண்மைதான், பெயர் தெரியாது என்றார் சொரிமுத்து. இரண்டு பேரைக் கை காட்டினார். ஒருவர் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் செல்லச்சாமி. என் அத்தை மகன். இன்னொருவர் மேலகரம் முகம்மது கனி. பழைய வீட்டுத் தூண், கதவு, மரச்சாமான் எல்லாம் வாங்கி விற்பவர். "உங்கப்பா அந்தப் பத்தாயத்த அவருட்டதான் வித்தாரு. பழைய கதை பூரா அவருக்குத் தெரியும். ரெண்டு பேரையும் கேட்டுரு."

திரும்பத் தென்காசி. அங்கிருந்து 11.00 பஸ். 12.05-க்குப் புளியங்குடி. வெயிலில் தலை கிறுகிறுத்தது. மார்க்கெட் முழுக்க எலுமிச்சை வாசம். செல்லச்சாமி அத்தான் என்னைக் கண்டதும் கையைத் தட்டினார்.

"அஞ்சு நிமிஷம் முந்தி வந்திருந்தா சேர்ந்தே போயிருக்கலாம் மாப்ள. பிள்ளை இப்பதான் போகுது."

"என்ன கேட்டுச்சு?"

"கேக்கல. சொல்லிட்டுப் போகுது. நீரு வந்து ஒரு பேரு கேப்பீராம். குழல்வாய்மொழின்னு சொல்லணுமாம்."

"உங்களுக்கு அந்தப் பேரு தெரியுமா அத்தான்?"

"எங்கம்மா ஒரு தடவ சொல்லியிருக்கா. பத்தாயத்து வீட்ல செத்த பிள்ளைன்னு. நீரு தேடுதது அதானே?"

அதுதான். அதைத்தானே தேடி வந்தேன். கீழே பார்த்தேன். எலுமிச்சைக் குவியல் ஓரமாக ஒரு பிடி உமி கிடந்தது. எலுமிச்சை மார்க்கெட்டில் உமிக்கு என்ன வேலை?

பயம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட அலுப்பு பெரிதாக இருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, தேடி வந்த பெயர் தானே வந்து கிடைத்திருக்கிறது. கன்னியே வழி காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

2.20-க்குத் தென்காசி. 2.30 டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறினால் பத்து நிமிஷத்தில் மேலகரம். சாரல் அடித்தது. கால் கடுத்தது. பெயர்தான் கிடைத்துவிட்டதே, இனி கனி பாய் எதற்கு என்று வீட்டுக்குப் போய்விட்டேன். பத்து நிமிஷம். அதை நினைத்து நான் அழாத நாள் இல்லை.

ஜூலை 21. ஆடி முதல் வெள்ளி.

சாயங்காலம் 6.40. உள் அறையில் ஓலைப்பெட்டி வைத்தோம். சிவப்புச் சிற்றாடை, கண்ணாடி வளையல், பிச்சிப் பூ. மஞ்சுவைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தாள் நிர்மலா. நான்தான் கூப்பிட வேண்டும்.

"குழல்வாய்மொழி... எங்க வீட்டுப் பிள்ளையா வந்து இரும்மா."

ஒன்றும் இல்லை.

இரண்டாவது தரம் கூப்பிட்டேன். 6.46. கரண்ட் போனது. விளக்கு மட்டும் எரிந்தது.

மூன்றாவது தரம்.

டொக்.

பெட்டிக்குள்ளிருந்து.

டொக்... டொக்...

அது ஓலைப்பெட்டி. ஓலையைத் தட்டினால் அப்படிச் சத்தம் வராது. அது மரத்தின் சத்தம். கனமான பலகையை உள்ளேயிருந்து யாரோ தட்டுகிற சத்தம்...

வேகம் கூடியது. டொக் டொக் டொக் டொக்...

நிர்மலா மூடியைத் திறந்தாள்.

சத்தம் நின்றது. 6.49.

சிற்றாடை மடித்தபடியே இருந்தது. தொட்டேன்.

ஈரம்.

வியர்வை நாற்றம்.

மடிப்புக்குள் உமி...

"வந்துட்டா! ஏத்துக்கிட்டா!" என்று நிர்மலா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டாள். நான் மஞ்சுவைப் பார்த்தேன். அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. பிறகு சொன்னாள்: "பசிக்கும்மா."

அன்றைக்கு அவள் சாப்பிட்டதைப் பார்த்து நானும் அழுதேன். இரண்டு தட்டு வைக்கச் சொன்னாள். இரண்டிலும் சோறு போடச் சொன்னாள். ஒன்று முடித்து இன்னொன்றையும் அவளே முடித்தாள். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். மூன்று வேளையும் இரண்டு தட்டு. எடை ஐம்பதைத் தாண்டிவிட்டது. முகத்தில் களை வந்துவிட்டது. தனியாக இருக்கும்போது மெதுவாகச் சிரிக்கிறாள். "பிள்ளை சாப்பிடுதத கண்ணு வைக்காதீங்க" என்று நிர்மலா என்னைத்தான் வைகிறாள்.

நேற்று ஆகஸ்ட் 26, சனிக்கிழமை. மேலகரத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வழியில் கனி பாய் கடை திறந்திருந்தது. மாலை 4.10. எண்பதை நெருங்குகிற மனிதர். நல்ல செய்தியாயிற்றே, சொல்லிவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெயரைச் சொன்னதும் அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, உங்க வீட்டுக் கன்னி பேரு முப்பிடாதியில்லா?"

"அப்ப குழல்வாய்மொழி யாரு பாய்?"

"உங்க வீட்டுக்கு நெல்லு அவிக்க வந்தவுக பிள்ளை. பதிமூணு வயசு. ஒரு படி நெல்லை எடுத்துட்டான்னு உங்க பூட்டன் பத்தாயத்துல போட்டு மூடிட்டாரு. சும்மா பயமுறுத்தத்தான். அன்னைக்குச் சாரல் நல்லா விழுந்திருக்கு. வீடே வண்டி கட்டி குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிட்டு. மூணு நாள் கழிச்சு வந்திருக்காக."

"அவள..."

"மறந்துட்டாக தம்பி. அதுக்குப் பெறவுதான் ஊர்ல உங்களுக்கு அந்தப் பேரு. பெருமைக்கு வச்ச பேரு இல்ல அது. விக்கும்போது உங்கப்பாவே சொன்னாரு."

மீசையைத் தடவிக்கொண்டு சொன்ன மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நானோ வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன். இல்லை, ஓணான் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. பாவம், அதுவும் யாரோ பெற்ற பிள்ளைதான்.

"முப்பிடாதிக்கு என்ன ஆச்சு பாய்?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்க பூட்டன் மக. அதுக்கும் பதிமூணு வயசுதான். இது நடந்த பெறவு அந்தப் பிள்ளை சோத்தத் தொடலயாம். மூச்சு முட்டுதுன்னே கெடந்துச்சாம். பயந்துபோயி, செத்த பிள்ளைக்குப் படையல் போட்டு, 'எங்க வீட்டுப் பிள்ளையா இரு'ன்னு கூப்பிட்டிருக்காக. அன்னையிலேருந்து முப்பிடாதி நல்லா ஆயிட்டு. ரெண்டு ஆள் சோறு தின்னுச்சாம். சிரிச்ச முகமா இருந்துச்சாம்."

"அப்புறம்?"

"நாப்பதாம் நாள் பத்தாயத்துக்குள்ள கெடந்துச்சு. மூடி சாத்தியிருந்துச்சு. வீட்ல எல்லாரும் இருந்திருக்காக. ஒருத்தருக்கும் சத்தம் கேக்கல."

பத்தாயம் இப்போது எங்கே என்று கேட்டேன். குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டுக்கு விற்றுவிட்டாராம். பாலிஷ் போட்டு, வரவேற்பறையில் அழகுக்கு வைத்திருக்கிறார்களாம். ரிசார்ட் பெயரையும் சொன்னார். பரிகாரம் ஏதாவது உண்டா என்றேன். "எனக்குத் தெரிஞ்சா சொல்லமாட்டேனா தம்பி" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. நிர்மலாவிடமும் இல்லை, மஞ்சுவிடமும் இல்லை. ராத்திரி முழுக்க மகள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கு ஞாயிறு. பெட்டி வைத்த நாளையும் சேர்த்து எண்ணினால் முப்பத்தெட்டாம் நாள். காலை 8.15-க்கு மஞ்சு தட்டைக் கழுவிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, நாளன்னைக்குக் குத்தாலம் போறேன். தண்ணி நல்லா விழுதாம். ரூம் போட்டாச்சு."

போனை நீட்டினாள். அதே ரிசார்ட்.

செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் 29. செக்-இன் பகல் 12.00 மணி.

நாங்கள் வீட்டில் மூன்று பேர். ரூம் இரண்டு பேருக்குத்தான் போட்டிருக்கிறது.

இரண்டாவது பெயர் எழுதும் இடத்தில் அவள் அம்மா பெயர் இல்லை. என் பெயரும் இல்லை.