ஒரு தண்ணிக்கு ஒரு விளக்கு

சங்கிலிபூதத்தான் பழி வாங்கினார். பதினோரு வருஷம் பொறுத்திருந்து வாங்கினார். அதைத் தப்பு என்று எவனாவது என் முன்னால் சொன்னால் அவன் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவேன்.

திருநெல்வேலி டவுணில், மேலரத வீதிக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை வீடு. அதன் முன்பக்கத்தில் உட்கார்ந்துதான் அவர் நீராவிப் பொம்மைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். வெள்ளைக்காரன் வீட்டுப் பிள்ளைகள் விளையாடிய எஞ்சின்கள் அவை. டம்ளர் அளவுக்கு ஒரு பித்தளை பாயிலர், அடியில் ஸ்பிரிட் விளக்கு, பக்கத்தில் சக்கரம், தலையில் ஒரு விசில். தண்ணீர் கொதித்தால் சக்கரம் சுற்றும். மேலப்பாளையத்தில் பழைய பித்தளை வாங்கும் அகமது மீரான் கடையில் எடைக்கு வந்து கிடந்த ஒன்றைத்தான் முதலில் கொண்டுவந்தார். பிறகு குற்றாலத்திலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் ஆட்கள் தேடிவந்து கொடுத்தார்கள். துருவைச் சுரண்டுவார், பிளந்த மூட்டில் ஈயம் வைத்து ஒட்டுவார், பிஸ்டனுக்கு எண்ணெயில் ஊறிய நூல் சுற்றுவார். கிணற்றுத் தண்ணீரை மட்டும் அண்டவிட மாட்டார், உப்பு படியுமாம். மழைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி பாட்டிலில் வைத்திருப்பார்.

ஆனால் அவர் பொம்மைக்காரர் இல்லை. சர்ட்டிபிகேட் வாங்கிய பாயிலர்காரர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த நூல் மில்லில், சாயப் பிரிவுக்கு நீராவி கொடுக்கும் பெரிய பாயிலர் அவர் கையில்தான் இருந்தது. நான் அதே மில்லில் ஸ்டோர் கிளார்க். என் அறைக்கும் பாயிலர் கொட்டகைக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டிதான்.

எண்பத்தாறு தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றுபோனது. சங்கிலிபூதத்தான் மேனேஜர் சிவசண்முகத்திடம் சொன்னதை நான் இந்த இரண்டு காதாலும் கேட்டேன்.

"சார், மட்டக் கண்ணாடியில தண்ணி தெரியல. தீய இறக்கணும்."

"லோடு இன்னைக்குப் போயாகணும். போடுலே விறக."

"தண்ணி இல்லாம போட்டா வெந்துரும் சார். நான் போட மாட்டேன்."

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அந்தப் பாவி, விறகு சுமக்கிற கூலியாட்களை விட்டுப் போடச் சொன்னான். அரை மணி நேரத்தில் உள்ளே இருந்த குழாய்கள் வெந்து வளைந்தன. மில் மூன்று மாதம் படுத்துவிட்டது. கூலியாட்களை மறுநாளே வேலையை விட்டு அனுப்பிவிட்டு, பழியைத் தூக்கிச் சங்கிலிபூதத்தான் தலையில் கட்டினான்.

விசாரணையில் ஒரே கேள்விதான் கேட்டார்கள். தண்ணீர் இல்லை என்று மேனேஜரிடம் சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? பாயிலர் முன்னால் நிற்பவன் தொண்டை கிழியக் கத்துவானா, பேனா தேடுவானா? அடுத்து என்னைக் கேட்டார்கள். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். முத்து முத்தான என் கையெழுத்தில், 'என் காதில் எதுவும் விழவில்லை, மந்திரமூர்த்தி' என்று எழுதிக் கொடுத்தேன். தூ! அந்தக் கையை வெட்டிப் போட்டிருக்க வேண்டும்.

சங்கிலிபூதத்தானுக்கு வேலையும் சர்ட்டிபிகேட்டும் போனதோடு விடவில்லை. ஊர் அவருக்குத் 'தண்ணி பாக்காத பூதம்' என்று பேர் வைத்தது. டீக்கடையில் அவரைக் கண்டால், "அண்ணாச்சி, கெட்டில்ல தண்ணி இருக்கான்னு பாத்துச் சொல்லும்" என்று எவனாவது இளிப்பான். மகள் வேணியைப் பெண் பார்க்க வந்த வீட்டிலும் இதையே கேட்டார்கள். அவர் மனைவி தங்கத்தாய் தண்ணீர்க் குடத்தோடு தெருவில் வரக் கூசினாள். அந்தப் பேரைத் துடைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்குக் குறி.

சில வருஷம் கழித்து மில்லை ஒரேயடியாக மூடியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூனிக் குறுகி அவர் வீட்டுக்குப் போனேன். "வாரும்வே" என்று சொல்லி இடுக்கியைக் கையில் கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனேன். பழசைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மனுஷன் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். என்ன மடையன் நான்!

தொண்ணூற்றாறு புரட்டாசியில் அவர் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது சிவசண்முகம். ரிட்டையர் ஆகி, பழம்பொருள் சேகரிக்கிற பெரிய மனிதனாகியிருந்தான். கையில் ஒரு ஜெர்மன் எஞ்சின்.

"என்னலே பூதம், இப்போ பொம்மை பாயிலர்தானா? இதுலயாவது தண்ணி பாப்பியா?"

சங்கிலிபூதத்தான் சிரித்தார். "வச்சிட்டுப் போங்க சார்" என்றார்.

எட்டு மாதம் அதற்கு உழைத்தார். பல் போன சக்கரத்துக்குப் பல் வைத்தார். பிரிந்துபோன மூட்டை ஈயத்தால் மயிரிழை தெரியாமல் மூடினார். முதல்முறை அது ஓடியபோது சக்கரத்தின் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதைப்போல் அழகான எஞ்சின் அவர் கைக்கு வந்ததே இல்லை.

இந்தப் பொம்மைகளுக்கு ஒரு விதி உண்டு. பாயிலரில் தண்ணீர் தீருமுன் விளக்கில் ஸ்பிரிட் தீர்ந்துவிட வேண்டும். அதற்காகவே விளக்கைச் சின்னதாக வைத்திருப்பார்கள். மறுபடி விளக்கை நிரப்புவதென்றால் முதலில் பாயிலரில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு தண்ணிக்கு ஒரு விளக்கு. மீறினால் ஈயம் உருகி மூட்டு விட்டுவிடும். பித்தளைக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது.

எஞ்சினை ஒப்படைக்கிற அன்று, "உம்ம எழுத்துல ஒரு சீட்டு எழுதும்வே" என்றார். எழுதினேன். சிவசண்முகம் வந்ததும் சங்கிலிபூதத்தான் அந்த விதியை வாயாலும் சொன்னார், இயக்கியும் காட்டினார். "தெரியும்லே, எனக்கே பாடமா?" என்று சொல்லி, சீட்டில் இவர் விரல் வைத்த இடத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான் அவன்.

ஆனித் தேரோட்டத்தை ஒட்டி, பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் பழம்பொருள் கண்காட்சி. எங்கள் மில்லின் பழைய ஆட்கள் பாதிப்பேரை அகமது மீரான் மூலம் சங்கிலிபூதத்தானே வரச் சொல்லியிருந்தார். பட்டு விரித்த மேஜையில் எஞ்சின். அட்டையில், 'சொந்தக் கைகளால் மீட்டு இயங்கவைத்தவர்: சிவசண்முகம்.'

பதினோரு மணிக்கு வரவேண்டிய தலைமை விருந்தினர் வரவில்லை. கூட்டத்துக்குப் பெருமை காட்டச் சிவசண்முகம் எஞ்சினை ஓட்டிவிட்டான். விளக்கு அணைகிற நேரத்தில் விருந்தினர் படியேறினார். சக்கரம் நிற்கப் போகிறது. சிவசண்முகம் பதறினான். ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தான். தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது, அதைத் தொடவில்லை.

நான் சங்கிலிபூதத்தானின் முழங்கையைப் பிடித்தேன். "அண்ணாச்சி, சொல்லும்வே. எட்டு மாச உழைப்பு!"

"கைய எடும்" என்றார். அன்றைக்கு மில்லில் நின்ற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் கோத்திருந்தது. அது எஞ்சினுக்காக.

சக்கரம் இன்னும் கொஞ்சம் சுற்றியது. விசில் இழுத்து இழுத்து அடங்கியது. பிறகு மூட்டிலிருந்து ஈயம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பாயிலரின் முன்மூடி கழன்று மேஜையில் உருண்டது. பட்டு கருகிப் புகைந்தது. விருந்தினர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் தாவினார். சிவசண்முகம் கூட்டத்தில் சங்கிலிபூதத்தானைக் கண்டுபிடித்துவிட்டான்.

"ஏலே பூதம்! தண்ணி ஊத்தணும்னு எவம்லே எங்கிட்ட சொன்னான்? ஒன் வேலையே இப்படித்தான்லே!"

சங்கிலிபூதத்தான் பைய நடந்து மேஜைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். அவனிடம் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

"நீரு எழுதினது. நீரே சத்தமாப் படியும்."

படித்தேன். "முதலில் தண்ணீர் ஊற்றாமல் விளக்கை மறுபடி நிரப்பக் கூடாது என்று சங்கிலிபூதத்தான் என்னிடம் நேரில் சொன்னார். சிவசண்முகம்." தேதியையும் படித்தேன். கையெழுத்தை மில் ஆட்களுக்கு நேரே தூக்கிக் காட்டினேன்.

"அன்னைக்கு?" என்று கேட்டார் சங்கிலிபூதத்தான். அவனைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து.

"அன்னைக்கும் சொன்னாரு" என்றேன். "தண்ணி இல்ல, தீய இறக்கணும்னு சொன்னாரு. விறக போடச் சொன்னது மேனேஜரு. நான் கேட்டேன். கேக்கலன்னு பொய் எழுதிக் கொடுத்தேன்."

சிவசண்முகம் நாற்காலியில் உட்கார்ந்தான். விருந்தினர் அவன் பக்கமே திரும்பாமல் வெளியேறினார். மில் ஆட்கள் சங்கிலிபூதத்தானைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் அவர் காலைத் தொட்டான். அன்றோடு அந்தப் பேர் ஒழிந்தது. மறுவாரம் தங்கத்தாய் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு டீக்கடை வழியாகவே போனாளாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் சந்தோஷமாகப் போனேன், வழக்கம்போல இடுக்கி பிடிக்க. அவர் வாசலிலேயே நின்றார். வாரும் என்று சொல்லவில்லை. மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை என் கையில் வைத்தார்.

"விசாரணையில எனக்குக் கொடுத்த நகலு. பதினோரு வருசமா வச்சிருந்தேன். இனி எனக்கு வேண்டாம்."

கதவைச் சாத்திக்கொண்டார். தெருவில் நின்று தாளைப் பிரித்தேன். முத்து முத்தாக, என் எழுத்துதான்.