வார்ஸ்பைட்டின் இடப் பக்கம்

செய்தி காலை ஏழே காலுக்கு வந்தது. சிதம்பரம் தெற்கு வீதியில் டீ வாங்கிக் கையில் வைத்திருந்தேன். கைபேசியில் எஸ்தர் அக்காவின் கணவர் ஆன்டனி மாமாவின் பெயர். அந்த நேரத்தில் அவர் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

"மச்சான், உங்க அக்கா போயிட்டா."

டீயைக் கடைத் திட்டில் வைத்தேன். பிறகு அவரே, "கப்பல யாரையும் தொட வுடல. நீ வா."

எஸ்தர் அக்கா எனக்கு உடன்பிறந்தவர் அல்ல. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவர். நாற்பத்து மூன்று வயது. அலுவலக நண்பர்களே, உங்களில் பலர் அவரை மேஜையில் குனிந்த தலையாகத்தான் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அவர் குனிந்திருந்தது வேறொன்றின் மேல். இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் சிறு மாதிரிகள். கடைசியாகச் செய்தது வார்ஸ்பைட். அசலில் முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு. இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. அதில் ஒரு மாலுமி அரிசி மணி அளவு.

அடக்கத்தன்று அந்தக் கப்பல் ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. வலப் பக்கம் முழுக்க உருமறைப்பு வண்ணம். எதிரியின் கண்ணைக் குழப்ப, கோணல்மாணலாக அடித்த சாம்பல் பட்டைகள். இடப் பக்கம் வெறும் ப்ரைமர், வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. "பாவம், பாதியிலயே வுட்டுட்டாங்க" என்றார் என் பக்கத்தில் நின்றவர்.

பிறகு நீங்கள் அன்போடு ஒன்று கேட்டீர்கள். நல்ல பெயின்டராகப் பார்த்து அந்தப் பக்கத்தையும் முடித்து, கண்ணாடிப் பெட்டியில் அலுவலகத்தில் வைக்கலாமா என்று. ஆன்டனி மாமா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "மச்சான் எழுதுவான்" என்றார்.

எழுதுகிறேன்.

*

கப்பல் மாதிரி செய்பவர்களின் இணைய மன்றம் ஒன்றில் யாரோ கேட்டிருந்தார்கள்: கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை வைத்து ஒரு கப்பலின் நிறத்தை எப்படிச் சொல்வது? நான் இயற்பியல் படித்தவன். பதில் எழுதினேன். பழைய ஃபிலிமில் ஒரு வகைக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாக விழும். நீலம் வெளுத்துவிடும். ஆகவே முதலில் எந்த ஃபிலிம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கேட்டவரும் நானும் மூன்று மாதம் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டோம். ஒருநாள், மழையில் மஞ்சக்குப்பம் மைதானம் குளமாகிவிட்டது, ஈரத்தில் பெயின்ட் காய மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். நான் தமிழில் கேட்டேன்: எந்த மஞ்சக்குப்பம்?

"உனக்கு எத்தன மஞ்சக்குப்பம் தெரியும்?"

அடுத்த ஞாயிறு பஸ் ஏறினேன். ஒரு மணி நேரம்.

*

சாம்பல் அட்டைகள்.

விசிட்டிங் கார்டு அளவில் வெட்டிய அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பல், பின்னால் எண்ணும் கலவை விகிதமும். ஆன்டனி மாமா அவற்றைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிட்டு, "இதுல எது எதுன்னு சொல்லு, பாக்கலாம்" என்பார். அக்கா பார்த்தவுடன் சொல்லிவிடுவார். "என் சட்ட என்னா கலருன்னு மட்டும் கேட்டா தெரியாது" என்று மாமா என்னிடம் குறைபட்டுக்கொள்வார்.

அட்டைகளை எடுத்துக்கொண்டு கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போனோம். தொடுவானத்துக்கு நேராக ஒவ்வொன்றாகப் பிடித்து, எது கடலில் கரைகிறது என்று பார்த்தோம். பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் வெகுநேரம் பொறுத்துப் பார்த்தார்.

"என்னாம்மா, சேலைக்கு மேச்சிங் பாக்குறியா?"

"கப்பலுக்குங்க."

"அப்ப ப்ளவுஸ் பிட்டும் சேத்து எடுத்துடு. அப்பறம் கெடைக்காது."

அக்கா சிரித்ததில் ஒரு அட்டை தண்ணீரில் விழுந்தது. விழுந்த இடம் தெரியவில்லை. "அதான்டா. அதான் அந்த கலர்" என்றார். எந்த எண் விழுந்தது என்று வீட்டுக்கு வந்து மீதியை எண்ணிக் கண்டுபிடித்தோம்.

ஏன் வெள்ளைக்காரன் கப்பல் என்று அவரிடம் கேட்டவர்கள் உண்டு. நானும் கேட்டேன். "கப்பல் அவனுதுதான். ஆனா திருகோணமலைல வந்து நின்னுச்சி. ஒளிஞ்சது நம்ம தண்ணில. நம்ம தண்ணி என்னா கலர்னு அவன விட எனக்கு ஜாஸ்தி தெரியும்."

*

படம் என் வழியாக வந்தது. தவறும்.

இங்கிலாந்தில் ஒரு மாலுமியின் பேத்தி. தாத்தாவின் ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எனக்கு அனுப்பினார். கப்பல் இடதுபுறம் பார்த்து நிற்கிறது. அப்படியென்றால் நாம் பார்ப்பது அதன் இடப் பக்கம். பட்டைகள் துல்லியமாகத் தெரிந்தன. அக்கா ஏழு மாதம் அந்த இடப் பக்கத்தை வரைந்தார். அலுவலகம் விட்டு வந்து, தினம் ஒரு விரல் அகலம். நடுவில் புதுச்சேரியில் கீமோ தொடங்கியது. கை நடுங்கும் நாட்களில் தூரிகையைத் தொட மாட்டார். அட்டைகளை மட்டும் அடுக்குவார்.

ஒரு ஞாயிறு, காரணமில்லாமல், படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். மேல்தளத்தில் ஐந்து மாலுமிகள். சல்யூட் அடிக்கிறார்கள்.

இடது கையால்.

ஒருவர் என்றால் வெயிலுக்குக் கண்ணை மறைத்திருக்கலாம். ஐந்து பேர். யாரோ நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரின்ட் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிற கப்பல், எங்களுக்குத் தெரியவில்லை. கப்பல் உண்மையில் வலதுபுறம் பார்த்து நிற்கிறது. படத்தில் இருப்பது வலப் பக்கம். அக்கா ஏழு மாதம் வரைந்தது தவறான பக்கத்தில்.

நான் சொல்லவில்லை.

முதல் வாரம் அவருக்கு ரத்த அணுக்கள் குறைந்திருந்தன. இரண்டாம் வாரம் வாய்ப்புண், பேச முடியவில்லை. மூன்றாம் வாரத்துக்கு என்னிடம் காரணம் இல்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது மட்டும் இருந்தது. அவர் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கட்டுமே.

பத்தொன்பதாம் நாள் போன் செய்தேன். சொன்னேன்.

"எப்ப பாத்த?"

சொன்னேன்.

"பத்தொம்போது நாளா நீ என்னாடா பண்ண? எனக்கு ஊசி போடுற டாக்டரே எங்கிட்ட உள்ளத சொல்றாரு. நீ யாரு எனக்கு பாவம் பாக்க?"

அந்தப் பக்கம் ஏதோ உருண்ட சத்தம்.

"அக்கா?"

"தின்னர் பாட்டில எடுத்தேன். மூடி வுழுந்துடுச்சி. பஸ் ஏறு."

*

அன்று மாலைக்குள் ஏழு மாத வேலையைத் துடைத்தோம். பஞ்சில் சாம்பல் சாம்பலாக வந்தது. ஆன்டனி மாமா வாசற்படியில் நின்று பார்த்தார். அவருக்குத்தான் கண் கலங்கியது. "நல்லாத்தானடி இருந்துச்சி?"

"நல்லாதான் இருந்துச்சி. ஆனா இந்தப் பக்கம் இல்ல."

அந்தப் பட்டைகளை வலப் பக்கத்தில் மறுபடி வரைந்தார். ஐந்து மாதம். இந்த முறை வேகம். கைக்கு வழி தெரிந்திருந்தது. இடப் பக்கத்துக்குப் படம் இல்லை. மாதிரி செய்பவர்கள் பொதுவாக அந்த இடத்தில் ஊகிப்பார்கள். வலப் பக்கத்தைப் பார்த்து ஏறக்குறைய ஒன்றை வரைவார்கள். தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். நானும் சொல்லிப் பார்த்தேன்.

"பாக்காத எடத்துல கோடு போடக் கூடாது கார்த்தி. புள்ளி வெக்கலாம்."

அலுவலகத்தில் அவரோடு இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. அளக்காத எல்லையை அவர் வரைபடத்தில் முழுக் கோடாக இழுக்க மாட்டார். திட்டக்குடியிலிருந்து ஒருவர் மூன்று முறை வந்து, "ஒரு கோடுதானம்மா" என்று நின்றாராம். "ஒரு கோடுதாங்க. அதான் ஒருதடவ அளந்துட்டு வந்துடறோம்" என்றாராம் அக்கா. உங்களில் யாரோதான் அடக்கத்தன்று இதைச் சொல்லிச் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள்.

ஃப்ரிட்ஜின் மேலிருக்கும் கப்பலைக் கிட்டே போய்ப் பாருங்கள். இடப் பக்க ப்ரைமரின் மேல் பென்சில் புள்ளிகள் இருக்கின்றன. மேல்தளத்தைத் தாண்டி வரும் பட்டைகள் எங்கே இறங்கக்கூடும் என்று வைத்த புள்ளிகள். தூரத்திலிருந்து தெரியாது. அது பாதியில் விட்ட வேலை அல்ல. அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. தெரிந்தது முழுவதையும் அவர் செய்து முடித்திருந்தார்.

ஆகவே நண்பர்களே, கண்ணாடிப் பெட்டி வையுங்கள். பெயின்டர் வேண்டாம். முடிந்தால் இடப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள்.

*

இதை இங்கே முடித்திருப்பேன். போன புதன்கிழமை அந்த மாலுமியின் பேத்தியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

அக்கா அந்தப் பேத்திக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். எனக்குத் தெரியாது. உங்கள் படம் திருப்பிப் பிரின்ட் ஆகியிருக்கிறது, கோபமில்லை, உங்கள் தாத்தாவின் கப்பல் அழகானது, இன்னொரு படம் இருந்தால் தேடுங்கள், அவசரமில்லை. கடைசி வார்த்தையை எழுதும்போது அவருக்குத் தன் நாட்கள் தெரியும்.

பேத்தி தேடியிருக்கிறார். வேறொரு உறவினர் வீட்டில் ஒரு படம். ஓரம் கிழிந்தது. கப்பலின் முன்பகுதி மட்டும், மூக்கிலிருந்து இரண்டாவது பீரங்கி மேடை வரை. இடதுபுறம் பார்த்து நிற்கிறது. "எஸ்தரிடம் கொடுங்கள்" என்று எழுதியிருந்தார்.

அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் பத்தொன்பது நாள் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை: சாம்பல் அட்டைகள், தண்ணீரில் விழுந்த ஒன்று நீங்கலாக. புள்ளி வைத்த பென்சில். உள்ளதை உள்ள அன்றே சொல்ல வேண்டும் என்ற அவசரம். அது முன்பு என்னிடம் இல்லை.

நேற்று மஞ்சக்குப்பம் போனேன். ஆன்டனி மாமா கப்பலை ஃப்ரிட்ஜின் மேலிருந்து இறக்கி மேஜையில் வைத்திருந்தார். தின்னர் பாட்டிலைக் கழுவித் துடைத்து, புது மூடி போட்டு, பக்கத்தில் வைத்திருந்தார். மூக்கிலிருந்து இரண்டாவது பீரங்கி மேடை வரை நான் வண்ணம் அடிக்கப் போகிறேன். அதற்கு அப்பால் புள்ளிகள் அப்படியே இருக்கும், அடுத்த படம் வரும்வரை.

நான் படத்தை நீட்டினேன். மாமா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். கப்பலைப் பார்க்கவில்லை. படத்தின் மேல்தளத்தில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். விரல் ஒரு மாலுமியிடம் நின்றது.

"எந்தக் கை மச்சான்?"

"வலது கை, மாமா."