கழிப்பறைக் கதவில் ஒரு கிழவி

கறுப்புத் துணி ஒட்டிய இரண்டு அட்டைகள், நடுவே தைக்காத படத்தாள்கள், ஓரத்தில் கட்டுவதற்கு நாடா. கள்ளக்குறிச்சியில் பிரேம் கடை வைத்திருந்த என் சித்தப்பா, இடித்த பங்களா ஒன்றின் பழைய சாமான்களோடு அந்த உறையை வாங்கிவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் கல்வராயன் மலைக்கு வந்து, கண்ணில் பட்டவர்களைச் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு அச்சடித்த படங்கள். ஆட்களின் பெயர் எதிலும் இல்லை. ஒரு தாளில் இருந்த மரத்தின் பெயரை மட்டும் அக்கறையாக எழுதியிருந்தான்.

போட்டோவே எடுத்துக்கொள்ளாமல் செத்துப்போனவர்களின் பிள்ளைகள் மலையிலிருந்து இறங்கி வருவார்கள். காரியத்தன்று மாலை போட ஒரு படம் வேண்டும். சித்தப்பா வயதைக் கேட்பார், ஜாடையைக் கேட்பார், நாடாவை அவிழ்த்து ஒரு தாளை எடுத்து நகலெடுத்துப் பிரேம் போட்டுக் கொடுப்பார். "மூக்கு அப்படி இப்படி இருந்தா இன்னா, கும்புடறதுக்குத்தானே" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வெள்ளிமலையிலிருந்து ஓர் அக்கா தன் அம்மாவுக்காக வந்தார். காதில் பெரிய வளையம் போட்ட ஒரு கிழவியின் படத்தை எடுத்து நீட்டினார் சித்தப்பா. அக்கா நெடுநேரம் பார்த்தார். "எங்கம்மா இல்லீங்க. ஆனா பூப்போட ஒரு மூஞ்சி வேணுமே" என்றவர், பிரேமை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

போன மாதம் கரியாலூரில் ஒரு விடுதியில் அவரைத் துடைப்பமும் வாளியுமாகப் பார்த்தேன். விடுதியைக் கட்டியபோது மலையின் பழைய படங்கள் கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா மொத்தமாக நகலெடுத்து விற்றிருக்கிறார். சாப்பாட்டு அறையில் அருவி. ஆண்கள் கழிப்பறைக் கதவில் ஒரு வேட்டைக்காரன். பெண்கள் கழிப்பறைக் கதவில் அந்தக் கிழவி.

"எடுத்துடச் சொன்னீங்களாக்கா?"

"சொன்னேனுங்க. அந்தக் காலத்துப் படம், உங்கம்மா எப்படி ஆவும்னு சிரிச்சாங்க. நெசந்தானே." வாளியைக் கீழே வைத்தார். "தினம் வெளக்கேத்தி இதையே பாத்துக்கினு இருந்தேனா, எங்கம்மா மூஞ்சி மறந்தே பூடுச்சி. கண்ண மூடினா இதான் வருது. இப்ப இவதான் எங்கம்மா. அவ மூஞ்சிக்கு நேரா நின்னு கக்கூஸ் கழுவுறேன்."

சித்தப்பா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். கடையில் மாலையோடு தொங்குகிறது அவர் படம். கலர் போட்டோ, மூக்கு முழியெல்லாம் அப்படியே அவர்தான். அதற்குக் கீழே அலமாரியில் கறுப்பு உறை. அசல் தாளையாவது அக்காவிடம் கொடுத்துவிடலாமென்று நாடாவை அவிழ்த்தேன். கிழவி என்னைப் பார்த்தாள். யாருடைய அம்மாவோ. அக்காவின் அம்மா இந்த உறையில் என்றுமே இருந்ததில்லை. இப்போது அக்காவிடமும் இல்லை.