சீராகப் போன மின்சார இஸ்திரிப் பெட்டி

மலாயாவில் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க எமர்ஜென்சி போட்டிருந்த காலத்தில், கெடா மாநிலத்துத் தோட்டங்களுக்குப் புத்தி சொல்ல அரசாங்கம் ஒரு வேன் வைத்திருந்தது. எனக்கு அதில்தான் வேலை. சாயங்காலம் படம் ஓட்டுவேன். அதற்கு முன்னால் எங்கள் அதிகாரி ஆங்கிலத்தில் பேசுவதை மைக்கில் தமிழாக்கிச் சொல்வேன். அதிகாரியும் தமிழர்தான். ஆனால் அதை வெளியே சொல்லக்கூடாத வியாதி மாதிரி மறைத்து வைத்திருந்தார்.

மூன்றாவது ஆள் டிரைவர். மலாய்க்காரர், வயதில் பெரியவர், மலாயில் மாமா என்பது போல பாக் சிக் என்று கூப்பிடுவோம். மாதத்தில் பாதி நாள் மூவரும் அந்த வேனிலேயே சமைத்து, அதிலேயே படுத்தோம். எங்களுக்கெல்லாம் மின்சாரம் தர ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தது. அதைப் புல்லில் இறக்கிவைத்துக் கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டும். படக்கருவியையும் ஒலிபெருக்கியையும் ஒரு பல்பையும் தாங்கும். அதற்கு மேல் எதை மாட்டினாலும் படுத்துவிடும்.

இதை அதிகாரிக்குப் புரியவைக்க நானும் பாக் சிக்கும் எத்தனையோ முறை தலைப்பாடாக அடித்துக்கொண்டோம். அவர் குடும்பம் நடத்துகிறவர் மாதிரி மேசை விசிறி, ரேடியோ, டீக்கு மின்சாரக் கெட்டில் என்று எல்லாவற்றையும் வேனில் ஏற்றியிருந்தார். படம் ஓடும்போது டீ வேண்டும் என்பார். கெட்டிலை மாட்டியதும் திரை மங்கும், படக்கருவி இழுத்து இழுத்துச் சுற்றும். காட்டிலிருந்து வந்து சரணடைந்தவன் வீராவேசமாகப் பேசும் இடத்தில் வயிற்று வலிக்காரன் முனகுவது போலச் சத்தம் வரும். சனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தன் படத்துக்கு எவ்வளவு நல்ல வரவேற்பு என்று அதிகாரி மேலிடத்துக்கு எழுதுவார்.

அப்படி ஒருமுறை கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். அங்கே மின்சாரம் துரை பங்களாவுக்கும் கணக்கெழுதும் கிராணியின் வீட்டுக்கும் மட்டும்தான். முள்வேலிக்குள் இருந்த தொழிலாளர் லயங்களில் எல்லாம் மண்ணெண்ணெய் விளக்கு. நான் திரையைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பால்மரத் தொழிலாளி துணியில் சுற்றிய ஒன்றைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்தால் புத்தம்புது மின்சார இஸ்திரிப் பெட்டி.

"அண்ணே, இதை ஒருக்கா உங்க கரண்டுல மாட்டிக் காட்டணும். எம்பொண்ணு வாழ்க்கைண்ணே," என்றார்.

விஷயம் இதுதான். பெண்ணை சுங்கை பட்டாணியில் கொடுத்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் அம்மா, "எங்க வீட்டுல கரண்டு இருக்கு லா, உங்க கரிப்பெட்டியெல்லாம் எங்களுக்குச் சரிப்படாது," என்று அளந்துவிட்டாள். இவரும் ஒருமுறை போய்ப் பார்த்தார். கூடத்தின் நடுவில் பல்பு தொங்கியது. ஊரடங்குக்கு முன்னால் தோட்டத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பதால் பகலிலேயே திரும்பிவிட்டார். எப்படியோ பணத்தைப் புரட்டி, சீர்வரிசையில் இந்தப் பெட்டியை நடுநாயகமாக வைத்தார். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே, பெட்டி சூடாகவில்லை, ஓட்டைச் சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சம்பந்தியம்மா பெட்டியையும் பெண்ணையும் சேர்த்தே அனுப்பிவிட்டாள். நல்ல பெட்டி வந்தால்தான் பெண் உள்ளே வரலாமாம். அன்றைக்கு அவளும் அவள் மகனும் படம் பார்த்து ராத்திரி தங்கிப் போகும் சாக்கில் கடைசி முடிவு சொல்ல வந்திருந்தார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு இரும்புத் துண்டு சூடாகவில்லை என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவார்களா? ஆனால் வேன் மின்சாரம் என் அப்பன் வீட்டுச் சொத்து இல்லையே. அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு என்ன தோன்றியதோ, கண் பளபளத்தது.

"நல்ல பிரச்சாரம்! அரசாங்கத்தோட மின்சாரம் ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைக்குது. நான் பேசப் பேச நீ பெட்டியைச் சூடு பண்ணு."

"சார், ஒலிபெருக்கியும் இஸ்திரியும் ஒரே சமயத்துல தாங்காது. பெட்டி சூடானப்புறம் பேசுங்க."

பாக் சிக்கும் கையை ஆட்டி, "தா போலே, துவான். முடியாது," என்று இரண்டு மொழியிலும் சொல்லிப் பார்த்தார்.

"எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்," என்றார் அதிகாரி. மின்சாரத்திடமும் சிபாரிசு செல்லும் என்று நினைத்தாரோ என்னவோ.

வேனுக்கு முன்னால் மேசை போட்டோம். மேசை மேல் மைக், பக்கத்தில் போர்வையை மடித்து விரித்து இஸ்திரிப் பெட்டி. மேசைக்கு ஒரு பக்கம் பெண்ணின் அப்பா, மறுபக்கம் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும். நடுவில் அந்தப் பெண், தேய்த்துக் காட்ட மாப்பிள்ளையின் கசங்கிய சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதிகாரி தொண்டையைக் கனைத்து, நாட்டைச் சூழ்ந்த இருளை அரசாங்கம் விரட்டிவிடும் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நான் பெட்டியை மாட்டினேன்.

அரசாங்கம் இருளை விரட்டும் என்று நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பல்பு மஞ்சளாகி, சிவந்து, மினுக்கென்று நின்றது. ஒலிபெருக்கி ஒரு ஏப்பம் விட்டு அடங்கியது. அதிகாரியின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவன் சீட்டி அடித்தான். அவர் மூஞ்சியில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, ஜெனரேட்டரிடம் நின்ற பாக் சிக்கைத் திட்டுவதற்கு ஓடினார்.

ஆனால் இருந்த மின்சாரத்தையெல்லாம் தானே உறிஞ்சிக்கொண்டு பெட்டி கொஞ்ச நேரத்தில் சூடாகிவிட்டது. பெண் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள், சுர்ரென்றது. சட்டையில் ஒரு இழுப்பு இழுத்தாள், சுருக்கம் எல்லாம் போய்விட்டது. லயமே கைதட்டியது. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா சம்பந்தி? எம்பொண்ண இப்பக் கூட்டிட்டுப் போவீங்கல்ல?" என்று கேட்டார்.

இனி படம் ஓட்ட வேண்டுமே என்று நான் பெட்டியைக் கழற்றினேன். பல்பு எழுந்தது. ஒலிபெருக்கியின் கண்ணாடி வால்வுகள் சூடேறினால்தான் சத்தம் வரும், அதற்குக் கொஞ்ச நேரமாகும். அந்த நேரத்தில் சம்பந்தியம்மா மகனை மேசையோரம் இழுத்து, காதில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். மைக் அவள் மோவாய்க்கு நேராக இருந்தது. வால்வுகளும் சரியாக அப்போதுதான் உயிர் பெற்றன.

"வாயத் தொறக்காத. நம்ம வூட்டுல கரண்டே இல்லன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த பல்பு சும்மா தொங்குதுன்னு சொல்லிடாத. வயரு எரிஞ்சி போச்சுன்னு சமாளிச்சிக்கலாம்."

வேன் தலையில் இருந்த இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களும் அதை அட்சரம் பிசகாமல் தோட்டம் முழுக்கச் சொல்லின. கேட்டில் துப்பாக்கியோடு நின்ற காவல்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா மகளைத்தான் பார்த்தார். "உனக்குத் தெரியுமாம்மா?"

"தெனமும் மண்ணெண்ண வெளக்கு சிம்னி தொடச்சவ நான்தானேப்பா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா இவரு மானம் போயிடும்ல."

சம்பந்தியம்மா சுதாரித்துக்கொண்டு, "கம்பம் நட்டுட்டாங்க லா, சம்பந்தி. இன்னைக்கோ நாளைக்கோ வந்துடும்," என்றாள். அதுவும் குழாயில் போனது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஓடிவந்த அதிகாரி மைக்கை அணைக்கச் சொல்லிக் கத்தினார். எனக்கு அன்றைக்குப் பார்த்துச் சுவிட்சு கைக்கு அகப்படவில்லை.

பெண் சட்டையைப் பொறுமையாக மடித்து மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"போட்டுக்குங்க. நான் நாளைக்கு வர்றேன். பெட்டி எங்கப்பா வூட்டுலயே இருக்கட்டும். கரண்டு வந்தப்புறம் நீங்களே வந்து தூக்கிட்டுப் போங்க. அதுவரைக்கும் சிம்னி தொடைக்கிறது உங்க வேலை. சரியா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு சட்டையைப் பார்த்தான். "சரி," என்று மிக மெதுவாகத்தான் சொன்னான். அதுவும் தோட்டம் முழுக்கக் கேட்டது.