தட்டிப் பார்த்து எடுத்த பலகை

கல்முனையில் ஒரு தனியார் பல் வைத்தியசாலையின் பின்னறையில் ஸம்றா பன்னிரண்டு வருடமாகப் பல்செட் செய்கிறாள். அடுத்தவர் வாய்க்குள் போகிற பொருளை மயிரிழை பிசகாமல் அராவி எடுக்கிற கை அவளுடையது. போன வருடம் வைத்தியசாலைக்காரர் எல்லோரும் வேன் பிடித்துப் பொத்துவிலுக்குப் போனார்கள். அங்கே கடற்கரையோரக் கடையொன்றின் சுவரில் தொங்கிய கிட்டாரைக் கேட்டு வாங்கி மடியில் வைத்தாள். வாசிக்கத் தெரியாது. ஒரு கம்பியைச் சுண்டினாள். சத்தம் காதுக்கு வரும் முன்பே விலா எலும்புக்கு வந்துவிட்டது. ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். நாலைந்து மெல்லிய சட்டம், கொஞ்சம் பசை, மிச்சமெல்லாம் காற்று. இதை நானே செய்யலாமே என்று தோன்றியது. வேன் திரும்பி வந்த வழி முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அவளுடைய கணவன் நஜீமுக்கு மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை. விசயத்தைக் கேட்டதும் அவன் நியாயமாகத்தான் கேட்டான்.

“ஒண்ட வாங்கினா முடிஞ்சி போகும்தானே புள்ள?”

“முடிஞ்சி போகும். அதுக்காகத்தான் செய்யப் போறன்.”

இணையத்தில் தேடினால் எல்லோரும் குளிர்நாட்டு ஊசியிலை மரத்தைத்தான் சொன்னார்கள். ஓட்டை இருக்கும் முன்பக்க முகப்புக்கு மட்டும் வேண்டிய அந்த இரண்டு தகட்டுப் பலகையைக் கடல் தாண்டி எடுப்பித்தால், அந்தக் காசுக்குக் கடையில் இரண்டு கிட்டார் வாங்கலாம். ஆனால் அவர்களே சொன்ன இன்னொரு வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. பெயரைப் பார்க்காதே, தட்டிப் பார். முகப்புக்கு லேசான மரம் வேண்டும். ரேகை நேராக ஓட வேண்டும். இரண்டு விரலில் தொங்கவிட்டுத் தட்டினால் ஒலி உடனே சாகக் கூடாது.

அன்றிலிருந்து அவள் தட்டத் தொடங்கினாள். அலுமாரிக் கதவு, கட்டில் தலைமாடு, இறைச்சி வெட்டும் பலகை என்று ஒன்றையும் விடவில்லை. சாய்ந்தமருதில் ஒரு வலீமா விருந்து வீட்டில், மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த கதிரையின் முதுகைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். வெட்கத்தில் நஜீம் வெளியே போனான். போனவன் வாசல் நிலையைத் தட்டிக்கொண்டு நின்றதை அவள் கண்டாள். அவனுக்கும் தொற்றியாயிற்று.

ஒரு சனிக்கிழமை இருவரும் மர வியாபாரி ஷரிபுதீன் காக்காவின் மரக்காலைக்குப் போனார்கள். கதவுக்கா ஜன்னலுக்கா என்று அவர் கேட்டார். கிட்டாருக்கு என்று ஸம்றா சொன்னதும் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மறுபடி செருகிக்கொண்டார். முதிரை மரத்தைத் தட்டினாள், கல்லைத் தட்டியது போலிருந்தது. தேக்கு பாடியது, ஆனால் விலை அதைவிட உரக்கப் பாடியது. மூலையில் வெட்டி எறிந்த துண்டுகளுக்குள் மஞ்சள் மஞ்சேளென்று பலாப் பலகை கிடந்தது. யாரோ கட்டில் செய்து மிஞ்சியது. முதுகுக்கும் பக்கத்துக்கும் அது போதும். கழுத்துக்கு மஹோகனியில் ஒரு கை நீளத் துண்டு கிடைத்தது. இரண்டையும் விறகு விலைக்கே கொடுத்தார் ஷரிபுதீன். அதற்குள் அவரும் ஏழெட்டுப் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டார்.

முகப்புக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. தோணி கட்டுகிற மரம் லேசு என்று அவர் சொன்னதைக் கேட்டுப் பெரியநீலாவணைக்குப் போனார்கள். மணலில் கவிழ்ந்து கிடந்த உடைந்த தோணியைத் தட்டினால், உப்புத் தண்ணீர் குடித்து ஊறிய மரம் தலையணை போலத் தொம்மென்றது.

திரும்பும் வழியில் பாண்டிருப்பில் மரக்கறி வாங்க நின்றார்கள். கடைக்காரர் புண்ணியமூர்த்தி கத்தரிக்காயைப் பரப்பியிருந்த பலகை வெளிறிப்போயிருந்தது. ஆனால் அதன் ரேகை கொப்பியில் கோடு போட்டது போல நேராக ஓடியது. ஸம்றாவின் விரல் தானாகப் போய்த் தட்டியது.

“இண்டைக்குப் புடுங்கின காய் தங்கச்சி, தட்டிப் பார்க்கத் தேவல்ல” என்றார் அவர்.

காயையல்ல, பலகையைத்தான் என்றாள். அவர் வியப்போடு கத்தரிக்காயை அள்ளிக் கூடையில் போட்டார். அவள் பலகையை ஓரத்தில் பிடித்துத் தொங்கவிட்டு நடுவில் தட்டினாள். ணங்ங் என்று புறப்பட்ட ஒலி பஸ் சத்தத்துக்குள்ளும் சாகாமல் நின்றது. மூன்று பேரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து தரை ஓடு வந்த பெட்டியின் பலகையாம், ஊசியிலைச் சாதிப் பைன் மரம். ஏழு வருடமாக வெயிலில் காய்கிறதாம்.

புதுப் பலகை தருகிறேன் என்றாள் ஸம்றா. ஏழு வருடம் யாவாரத்தைத் தாங்கிய ராசியான பலகை, கொடுக்க மனமில்லை என்று புண்ணியமூர்த்தி சொல்லும்போதே, அவருடைய மேல்வாய்ப் பல்வரிசை டக்கென்று கீழே இறங்கியது. நாக்கால் மேலே தள்ளினார். மறுபடி இறங்கியது.

“அண்ணன், உங்கட பல்செட்ட நான் விழாம இறுக்கித் தாறன். இந்தப் பலகையத் தாங்க.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. பல்செட் அவர் கையிலேயே விழுந்தது.

டொக்டரிடம் சொல்லி, அடுத்த செவ்வாய் அவள் அந்தப் பல்செட்டை அண்ணத்தோடு ஒட்டப் படிய வைத்துக் கொடுத்தாள். புண்ணியமூர்த்தி அங்கேயே ஒரு கொய்யாக்காயைக் கடித்துப் பார்த்தார். பலகையைத் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

மரக்காலையில் அதைத் தடிப்பின் நடுவே பிளந்து புத்தகம் போல விரித்தபோது, இரு பக்கமும் ரேகை கண்ணாடிப் பிம்பமாக விரிந்தது. ஷரிபுதீன் மரம் அறுக்கும் வாளை நிறுத்திவிட்டுக் கூலி வேண்டாம் என்றார். அதன் பிறகு நான்கு மாதம். பலாவைச் சூடான குழாயில் வைத்து வளைக்கையில் இரண்டு முறை முறிந்தது. இரண்டு முறையும் அவள் குந்தியிருந்து அழுதாள். மூன்றாம் முறை ஈரத் துணி சுற்றிச் சொல் கேட்க வைத்தாள். கம்பி தாங்கும் சிறு துண்டைக் ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கொடுத்த மாட்டின் எலும்பில், பல் அராவும் அரத்தாலேயே அராவினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கம்பி மாட்டினார்கள். நஜீம் முகப்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஸம்றா ஆறு கம்பியையும் ஒருமிக்க வருடினாள்.

“கையெல்லாம் கூசுது புள்ள” என்றான் அவன். கண் கலங்கியிருந்தது; வாய் சிரித்தது.

கழுத்தின் மூன்றாம் கட்டையில் அழுத்தினால் ஒரு கம்பி வண்டு போல இரைந்தது. அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டாள். இணையத்தில் பார்த்துப் பழகிய ஒரே சுரக்கூட்டைப் பள்ளியில் அஸர் பாங்கு கேட்கும் வரை திரும்பத் திரும்ப வாசித்தாள். நிறுத்தி, தொழுது, தேநீர் குடித்தாள். கிட்டார் மறுபடி மடிக்கு வந்தது.