இரண்டடி குறைவு

தெருவில் அவருக்குப் பெயர் அரை இன்ச் மாஸ்டர். தைத்துக் கொடுத்த சட்டையில் அரை இன்ச் பிசகிவிட்டதென்று, போட்டுக்கொண்டு போனவரைத் தெருமுனைவரை துரத்திப் போய்க் கழற்றி வாங்கிவந்த டெய்லர். கீழே கடை, மேலே வீடு. வேறு போக்கிடம் கிடையாது.

அகலச் சாலையும் வணிக வளாகமும் வருவதால் அந்த வரிசையை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போவதாக நோட்டீஸ் வந்தது. ஆட்சேபணை இருந்தால் நேரில் வந்து சொல்லலாமாம். மனைவி இரண்டு நாள் பாடம் எடுத்தாள்.

"சுத்தி வளைக்காதீங்க. வீட்டைத் தர மாட்டோம்னு சொல்லிட்டு வந்துடுங்க."

"நான் என்ன சின்னக் குழந்தையா?"

அலுவலகத்தில் அதிகாரி வரைபடத்தை விரித்தார். மாஸ்டரின் கண் அதில் விழுந்ததுதான் தாமதம், வந்த காரியமே மறந்துபோயிற்று.

"சார், நீளம் தப்பு. முப்பத்திரண்டடி இல்ல, முப்பத்துநாலு."

"நிச்சயமா?"

"என் வீட்டை நான் அளக்காம இருப்பேனா?"

அதிகாரி திருத்தி எழுதினார். மாடிப்படி, பின்சுவர், ஜன்னல் என்று மாஸ்டர் ஒன்றைக்கூட விடவில்லை. அவர் பேச்சை இத்தனை மரியாதையாக யாரும் கேட்டதில்லை.

"வேற ஆட்சேபணை?"

"இல்ல சார், இப்ப சரியா இருக்கு." கையெழுத்தும் போட்டார்.

பாதி வழியில்தான் உறைத்தது. பஸ்ஸிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி ஓடினார். விசாரணை முடிந்து அறையைப் பூட்டியிருந்தார்கள். சொல்லியிருந்தால் மட்டும் விட்டிருப்பார்களா? யார் கண்டது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

"ம்."

அதன்பிறகு அவர் மரத்துப்போனார். தைத்தார், சாப்பிட்டார், தூங்கினார். சாப்பாட்டில் உப்பில்லை என்று மனைவியே சொல்லித்தான் தெரிந்தது. ஊசி விரலில் ஏறியபோதும் அடுத்தவர் விரலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது. வரவில்லை.

மூன்றாம் மாதம் உத்தரவு வந்தது. மனைவி பிரித்துச் சத்தமாகப் படித்தாள். "உங்கள் ஆட்சேபணை முழுமையாக ஏற்கப்பட்டது." அவள் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! வாயைத் திறந்து கேட்டாத்தானே கிடைக்கும்!"

மாஸ்டர் மெஷினை நிறுத்தவில்லை.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். முப்பத்துநான்கு அடி நீளமும் முழுவதுமாகக் கையகப்படுத்தப்படுகிறது, அறுபது நாளில் காலி செய்யவேண்டும் என்றிருந்தது. அதை இரண்டு தடவை படித்தாள்.

"அங்க போய் என்னதான் சொன்னீங்க?"

"அளவு சொன்னேன்" என்றார்.