நைனா நேர்ந்துகொண்ட என் முடி

எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேரைச் சொன்னால் திருத்தணியில் இன்னும் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் நூல் வியாபாரி. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்து லுங்கி வாங்குவார். யுத்த காலத்தில் நூலுக்குத் தட்டுப்பாடு வந்து மற்றவர்கள் பதுக்கியபோது, வந்ததை எல்லாத் தறிக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தவர். தமிழும் தெலுங்கும் படிப்பார். சாயங்காலம் கிராமபோனில் பாட்டு வைத்து, அம்மாவையும் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்வார். எங்களை ஒரு நாள்கூட அதட்டியதில்லை. எல்லாம் நிஜம்தான். ஆனாலும் அவர்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் இந்த வயதிலும் தீரவில்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மூன்றாம் பாரம், அதாவது இப்போதைய எட்டாம் வகுப்பு, படித்தேன். வகுப்பில் பெண் என்று நான் ஒருத்திதான். அம்மாவிடம் வாதாடிச் சேர்த்துவிட்டவரே நைனாதான். படித்து டீச்சராக வேண்டும் என்பது என் ஆசை. அவருக்கும் அதே ஆசை என்று நம்பியிருந்தேன்.

பொதட்டூர்பேட்டையில் அவரிடம் நூல் வாங்கும் ஒருவரின் மகன் விஷஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தான். பெற்றவள் தலையில் அடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்து நைனாவுக்கு மனசு தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே திருத்தணி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, பையன் பிழைத்தால் என் மகளுக்கு முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பையன் பிழைத்தான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, நன்றாக இருக்கட்டும். ஆனால் நைனாவுக்கும் ஒரு தலை இருந்ததே? அதில் முக்கால்வாசி வழுக்கை. முருகனுக்குக் கட்டுப்படியாகாது என்று நினைத்தாரோ என்னவோ.

வீட்டுக்கு வந்து சிரித்த முகத்தோடு சொன்னார். நான் மாட்டேன் என்று தரையில் புரண்டு அழுதேன்.

"முடிதானேம்மா, வளந்துடும். சாமிகிட்ட சொன்ன சொல்ல மாத்தக்கூடாது" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மலையடிவாரத்துக் குளக்கரையில் உட்கார வைத்தார்கள். இடுப்புவரை இருந்த பின்னல் மடியில் விழுந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நைனாவும் அழுதார். சுற்றி நின்றவர்களுக்கு அதைப் பார்த்து நெஞ்சு உருகிவிட்டது.

"யாரோ பெத்த புள்ளைக்காக சொந்தப் பொண்ணு முடிய குடுக்கறாரு. என்னா மனசு பாருங்க" என்றார் ஒருவர்.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த என்னை யாரும் பார்க்கவில்லை.

பெரியவளாகப் போகிற வயதில் மொட்டையோடு தெருவில் நடந்தால் தாலி அறுத்தவள் மாதிரி இருக்கும், முடி வளர்கிறவரை பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்றாள் அம்மா. முன்பு எனக்காக வாதாடிய மனிதர் இப்போது வாயைத் திறக்கவில்லை. முடி தோளுக்கு வருவதற்குள் நான் பெரியவளாகிவிட்டேன். அதற்கப்புறம் படிப்பைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. என் புத்தகங்களைப் பரண்மேல் போட்டார்கள். முடி மறுபடி இடுப்புக்கு வந்தபோது ஆர்.கே.பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். என் பின்னலைப் பிடித்துப் பார்த்து, நல்ல முடி என்று மாமியார் சந்தோஷப்பட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருந்தேன். நைனா என் குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தார். அத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததை அன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

"வேண்டிக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே நைனா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எப்போதும் போலச் சாந்தமாகத்தான் பதில் சொன்னார்.

"கேட்டிருந்தா நீ மாட்டேன்னு சொல்லியிருப்பியேம்மா."

"ஆங், சொல்லியிருப்பேன். அதுக்குத்தான் நைனா கேக்கணும்."